கறையைத் துடைத்தால் ஆண்டு தெரியும்: பழைய சைக்கிள் பாகம் சேர்க்கத் தொடங்குவோருக்கு

திண்டுக்கல் பக்கம் ஒரு காயலான் கடை. உடைந்த கிரைண்டர் கல்லுக்கும் ஜன்னல் கம்பிக் குவியலுக்கும் நடுவே ஒரு சைக்கிள் பின்சக்கரம் கிடந்தது. ரிம் அரித்து ஓட்டையாகிவிட்டது. போக்ஸ் கம்பிகளில் பாதி இல்லை. ஆனால் நடுவில் இருந்த ஹப் வழக்கமான ஹப்பைவிடப் பருமனாகத் தெரிந்தது. கைத்துணியில் நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தேன். கறுத்து இறுகிய கிரீஸ் முதலில் அசையவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் சுரண்டி மறுபடி துடைத்தபோது ஸ்டர்மி-ஆர்ச்சர் என்ற பெயர் மெல்ல எழுந்தது. பிறகு ஏ.டபிள்யூ. என்ற எழுத்துகள். பக்கத்தில் 52, சற்றுத் தள்ளி 3.

அந்த இரண்டு எண்களுக்கும் பொருள் இருக்கிறது. 52 ஆண்டு, 3 மாதம். இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரத்தில் 1952 மார்ச் மாதம் முத்திரை குத்தப்பட்ட மூன்று கியர் ஹப் அது. வேறு எந்தப் பாகமும் தன் பிறப்பை இவ்வளவு நேராகச் சொல்வதில்லை. புதிதாக இந்த ஈடுபாட்டுக்குள் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: வாங்குவதற்கு முன் துடையுங்கள், துடைத்ததைப் படியுங்கள்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பாகம் சேர்ப்பது, எங்கோ பாதியில் நிற்கும் ஒரு வண்டியை மறுபடி ஓடவைப்பதற்காக. அதனால் முழுதாக இருக்கும் வண்டியைப் பாகத்துக்காகப் பிரிக்காதீர்கள். எண்பது ஆண்டு ஒன்றாக இருந்த பாகங்களைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டால் அந்த வண்டி திரும்ப வராது. ஃபிரேம் உடைந்தது, சக்கரம் மட்டும் மிஞ்சியது, கிணற்றடியில் கிடந்து பாதி மக்கியது, இவைதாம் நம் பங்கு.

முதலில் ஒரு வண்டி

கண்ணில் பட்டதை எல்லாம் வாங்குவது புதியவர்கள் எல்லோரும் செய்வது. ஆறு மாதத்தில் வீட்டில் இரண்டு சாக்கு இரும்பு சேரும், ஒன்றோடொன்று பொருந்தாது. ஒரு வண்டியைத் தேர்ந்துகொள்ளுங்கள். தாத்தாவின் சைக்கிள் பரணிலோ மாட்டுக் கொட்டகையிலோ இருந்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. அதில் என்னென்ன இல்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் உங்கள் தேடல்.

நம் ஊர்களில் அகப்படுபவை பெரும்பாலும் 28 அங்குலச் சக்கரமும் கம்பி பிரேக்கும் உள்ள கறுப்பு வண்டிகள். ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ், ஹெர்குலிஸ் என்று இங்கிலாந்திலிருந்து வந்தவை ஒரு பக்கம். மறுபக்கம் இந்தியாவில் செய்தவை: 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் சென்னை அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், வங்காளத்தின் ஆசன்சோலில் சென்-ராலே செய்த வண்டிகள், பம்பாயின் ஹிந்த், சோனிபட்டின் அட்லஸ், லூதியானாவின் ஹீரோ. இந்திய வண்டிகளை இரண்டாந்தரமாக நினைக்க வேண்டாம். தபால்காரரும் பால்காரரும் வாத்தியாரும் ஏறிப்போனவை அவைதாம். அவற்றின் பழைய பாகங்களைச் சேர்க்க இன்னும் போதிய ஆள் இல்லை.

பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ராலே நாட்டிங்காமிலும் செய்யப்பட்டது, ஆசன்சோலிலும் செய்யப்பட்டது. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காமும் உண்டு, பின்னாளில் அம்பத்தூரும் உண்டு. எந்த நாட்டில் செய்தது என்ற முத்திரை பாகத்தின் எங்கோ ஓர் ஓரத்தில் இருக்கும். பெடல் அச்சின் முனை, பிரேக் கட்டையைப் பிடிக்கும் தகடு, பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் உட்புறம் என்று தேடுங்கள்.

இங்கிலாந்து வண்டிகளை ஒரே பார்வையில் அடையாளம் காண, பெடலோடு சுழலும் முன்பக்கப் பல்சக்கரம் உதவும். ராலேயில் நாரையின் தலை வெட்டப்பட்டிருக்கும். ரட்ஜில் விரித்த கை. ஹம்பரில் கைகோத்து நிற்கும் ஐந்து மனித உருவங்கள். பி.எஸ்.ஏ.யில் அந்த மூன்று எழுத்துகளே. ஹம்பரின் உயர்ந்த வண்டிகளில் முன்போர்க்கு ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் குழாயாக இறங்கும். அதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

ராலே நிறுவனம் 1932இல் ஹம்பர் சைக்கிளையும் 1943இல் ரட்ஜையும் 1957இல் பி.எஸ்.ஏ.வின் சைக்கிள் பிரிவையும் எடுத்துக்கொண்டது. அதனால் பிந்தைய ரட்ஜில் ராலேயின் பாகம் இருந்தால் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று கழற்றி எறிந்துவிடாதீர்கள். தொழிற்சாலையே அப்படித்தான் அனுப்பியிருக்கும். நான் தொடக்கத்தில் அப்படி ஒரு ஸ்டெம்மை, அதாவது ஹேண்டில் பாரைப் பிடிக்கும் தண்டை, தூக்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அதே வகை ஸ்டெம்மைத் தேடி அலைந்தேன்.

பையில் இருக்க வேண்டியவை

ஒரு வெர்னியர் அளவுகோல் அவசியம். பழைய பல்துலக்கி, பருத்தித் துணி, சின்னக் குப்பியில் மண்ணெண்ணெய், கைவிளக்கு. ஒரு காந்தத் துண்டு: பித்தளை மேல் நிக்கல் பூசிய மணியையும் இரும்பு மணியையும் கண்ணால் பிரிப்பது கடினம், காந்தம் நொடியில் சொல்லும். கூடவே ஒரு சிட்டிகை விபூதி அல்லது சாக்பீஸ் தூள். தேய்ந்த முத்திரை மேல் அதைத் தடவி, மேலாகத் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து படிக்க வரும். என்னிடம் இருக்கும் பாதிப் பாகங்களின் எண்களை இப்படித்தான் படித்தேன்.

எங்கே தேடுவது

காயலான் கடை முதல் இடம். அங்கே எல்லாம் எடைக் கணக்கு. சரக்கு நிற்காது, சேர்ந்ததும் லாரி ஏறிவிடும். மாதம் ஒருமுறை பெரிய பயணம் போவதைவிட, உங்கள் வழியில் உள்ள இரண்டு கடைகளுக்கு வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது பலன் தரும். "அண்ணே, பருத்த ஹப் உள்ள சக்கரம் வந்தால் நறுக்காமல் வையுங்கள்" என்று ஒரு ஹப்பைக் காட்டிச் சொல்லிவைத்தால் மறக்கமாட்டார்கள். வாயால் விளக்குவதைவிட மாதிரியைக் கையில் கொடுப்பது நல்லது.

அதைவிடப் பெரிய சுரங்கம் பழைய சைக்கிள் கடைகள். மணிக்கணக்கில் வாடகைக்கு வண்டி விட்ட கடைகள் ஊருக்கு ஊர் இருந்தன. பல மூடிவிட்டன. மிஞ்சியவற்றின் பின்சுவரில் தகரப் பெட்டிகள் இருக்கும். கோன், காட்டர் பின், பால்ரஸ் குண்டு, பிரேக் கம்பி என்று பெரியவர் பிரித்துப் போட்டுவைத்திருப்பார். பள்ளி விடுகிற நேரத்தில் பஞ்சர் வேலை குவியும், அப்போது போகாதீர்கள். முற்பகல் பதினொரு மணிக்குப் போங்கள். உங்கள் சைக்கிளையே ஓவராயில் செய்யக் கொடுத்துவிட்டு அருகே உட்காருங்கள். அவர் கோட்டம் எடுப்பதைக் கவனியுங்கள்: சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, போர்க்கில் கட்டைவிரலை ஊன்றி, ரிம் எங்கே உரசுகிறது என்று விரலாலேயே அறிந்து, அந்த இடத்தில் போக்ஸ் கம்பியை ரிம்மோடு பூட்டும் நிப்பிளைக் கால் சுற்று திருப்புவார். அந்த அறிவு எந்தப் பெட்டியிலும் கிடைக்காது. பெட்டிகளை இரண்டாவது மூன்றாவது முறை போகும்போது கேட்டால் போதும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சில சமயம் விளக்கும் மணியும் அகப்படும். பெங்களூருவின் ஞாயிறு சந்தையும் ஒருமுறை போய்ப் பார்க்கத் தகுந்தது. ஆனால் டயர், டியூப், பிரேக் கட்டை, செயின், வால் டியூப் போன்ற தேய்மானப் பொருள்களைப் பழையதாகத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். லூதியானாவில் இவை புதிதாகவே செய்யப்படுகின்றன, பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும்.

மூன்றாவது இடம் வீடுகள். இங்கே நிதானம் வேண்டும். அந்த வண்டி அவர்கள் வீட்டுப் பெரியவருடையது, உங்களுக்குத்தான் அது பாகம். விலையைப் பேசுவதற்கு முன் யார் ஓட்டியது, எந்த ஊர்க் கடையில் வாங்கியது, எவ்வளவு காலம் ஓடியது என்று கேளுங்கள். தாள் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு வீட்டில் டிரங்குப் பெட்டியிலிருந்து கடை ரசீது வந்தது. ஃபிரேம் எண்ணும் தேதியும் விளக்குக்குத் தனி விலையும் மையால் எழுதியிருந்தன. நகராட்சிக்கு வரி கட்டியதற்கான தகர வில்லைகள் ஐந்தாறு கயிற்றில் கோத்துத் தொங்கின. அந்த வண்டியை அவர்கள் விற்கவில்லை. ஆனால் ரசீதைப் படம் எடுக்க அனுமதித்தார்கள். அதே வரிசை எண்ணை ஒட்டிய இன்னும் இரண்டு வண்டிகளின் காலத்தை அதை வைத்துத்தான் கணித்தோம்.

விற்பவருக்கு மதிப்புத் தெரியாத இடத்தில் எடை விலைக்கு அள்ளிக்கொண்டு வருவதைச் சிலர் திறமை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காயலான் கடைக்காரர் வியாபாரி, அவரோடு பேரம் பேசலாம். வீட்டில் கொடுப்பவரிடம் பொருளின் மதிப்பைச் சொல்லித்தான் வாங்க வேண்டும். அப்படி வாங்கியவரைத்தான் அந்தத் தெரு மறுபடி கூப்பிடும்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ. ஹப் 1936இல் வந்தது. நடுக் கியர் நேரடி ஓட்டம். மேல் கியரில் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும், கீழ்க் கியரில் கால் பங்கு குறையும். உள்ளே நாலு குட்டிப் பல்சக்கரங்கள் ஒரு நடுப் பல்லைச் சுற்றி வருகின்றன, அவ்வளவுதான் சூட்சுமம். மிக உறுதியான அமைப்பு. வெளியே துருவாக இருந்தாலும் உள்ளே பழைய எண்ணெய் இறுகி மட்டும் இருக்கலாம். அச்சைப் பிடித்துக்கொண்டு பல்லைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். டிக் டிக் என்று தெளிவான ஒலி வந்தால் உள்ளே பல்லில் மாட்டி இழுக்கும் குட்டி நாக்குகள் உயிரோடு இருக்கின்றன. ஒலி இல்லை என்றால் பெரும்பாலும் அழுக்குதான் காரணம். எண்ணெய்த் துளை வழியாக மண்ணெண்ணெயும் இலகுவான எண்ணெயும் கலந்து விட்டு ஓர் இரவு வைத்துவிட்டுப் பாருங்கள்.

இந்த ஹப்பில் எல்லோரும் தவறவிடும் இடம் நட்டு. அதன் அச்சு 13/32 அங்குலக் குறுக்களவும் அங்குலத்துக்கு 26 புரியும் கொண்டது. நம் சைக்கிள் கடைகளில் உள்ள எந்த நட்டும் அதில் ஏறாது. வலுக்கட்டாயமாக ஏற்றினால் புரி போய்விடும். ஹப்பை வாங்கும்போது இரண்டு நட்டுகளும், அச்சு சுழலாமல் பிடிக்கும் பல்வைத்த வாஷர்களும், வலப்பக்க அச்சுக்குள்ளிருந்து வரும் குட்டிச் சங்கிலியும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அவை விழுந்த குவியலைக் கிளறுங்கள். சங்கிலி மட்டும் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். அந்த நிறுவனம் 2000ஆம் ஆண்டு தைவானுக்குக் கைமாறியது, அங்கே இன்றும் அதைச் செய்கிறார்கள். துளைகளையும் எண்ணுங்கள். பழைய ஆங்கில வண்டிகளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். 40 துளை ஹப்புக்கு 36 துளை ரிம்மை வாங்கி வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இதே நிறுவனத்தின் டைனோஹப் அகப்பட்டால் கையை அடக்குங்கள். ஹப்புக்குள்ளேயே மின்சாரம் உண்டாக்கும் அமைப்பு அது. ஜி.எச்.6 என்ற வகை 6 வோல்ட், 2 வாட் தரும். உள்ளே வளையக் காந்தமும் அதன் நடுவில் கம்பிச்சுருளும் இருக்கின்றன. சுத்தம் செய்கிறேன் என்று காந்தத்தையும் சுருளையும் பிரித்தால் காந்தத்தின் வலு அப்போதே குறைந்துவிடும், திரும்பச் சேர்த்தாலும் பழைய வெளிச்சம் வராது. பிரித்தே ஆக வேண்டுமென்றால் சுருளை வெளியே தள்ளும் அதே நேரத்தில் அதன் இடத்தில் ஓர் இரும்பு வளையம் போய் உட்கார வேண்டும். புதியவர்கள் அந்த வேலையை விட்டுவிடுங்கள். வெளியே துடைத்து, சக்கரத்தைச் சுழற்றி, சிறிய பல்பு எரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

டயரில் உரசி ஓடும் குப்பி டைனமோக்கள் ஏராளமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. அவற்றையும் சேர்த்துவையுங்கள். யாழ்ப்பாணத்தில் 1990களில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டவர்களின் தலைமுறை இன்னும் இருக்கிறது. அங்கிருந்து வந்த நண்பர் ஒருவர் என் மேசையில் இருந்த டைனமோவை எடுத்து, உருளையை விரலால் சுற்றிப் பார்த்துவிட்டு வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார்.

புரூக்ஸ் தோல் சீட்டில் பார்க்க வேண்டியது தோலின் விளிம்பும் ரிவெட்டைச் சுற்றிய பகுதியும். மேலே உள்ள சின்னச் சுருக்கம் பரவாயில்லை. ரிவெட்டிலிருந்து வெடிப்பு கிளம்பியிருந்தால் அது உட்கார்வதற்கு உதவாது, இரும்புச் சட்டத்துக்காக வாங்கலாம். பின்னால் இரண்டு சுருள் வில் மட்டும் என்றால் பெரும்பாலும் பி66 போன்ற வகை. முன்னாலும் வில் இருந்தால் பி33 போன்ற வகை. காய்ந்த தோலைக் கண்டதும் தேங்காய் எண்ணெயையோ விளக்கெண்ணெயையோ ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய் குடித்த தோல் தளர்ந்து தொட்டில்போலத் தொங்கிவிடும். தோலுக்கென்றே உள்ள மெழுகுக் களிம்பை மெல்லியதாகத் தடவி, நிழலில் வைத்து, வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். மழைக்காலத்தில் பூஞ்சை வந்தால் உலர்ந்த துணி போதும்.

பழைய கார்பைடு விளக்குகள் அழகானவை. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கார்பைடு கல், சொட்டுச் சொட்டாக நீர் விழுந்து எழும் அசிட்டிலீன் வாயு எரியும். அலமாரியில் வையுங்கள், ஏற்றிப் பார்க்காதீர்கள். பழம் பழுக்கவைக்கத் தடைசெய்யப்பட்ட அதே கல்தான் அது, வாயு வெடிக்கக் கூடியது. செல்லுலாய்டால் செய்த பழைய கைப்பம்புகளும் எளிதில் தீப்பற்றும், அடுப்பங்கரைப் பக்கம் வைக்க வேண்டாம்.

காலத்தைக் கணிக்க முலாமும் உதவும். மஞ்சள் சாயலோடு மிதமாக மின்னினால் நிக்கல், நீலச் சாயலோடு கண்ணாடிபோல் மின்னினால் குரோமியம். குரோமிய முலாம் 1930களில்தான் பரவலானது. முலாமே இல்லாமல் கறுப்பு வண்ணம் பூசிய ஹேண்டில் பாரையும் கிராங்கையும் கண்டால் யாரோ பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்று சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துத் தொழிற்சாலைகளே அப்படித்தான் அனுப்பின.

காட்டர் பின்னைக் கழற்றுவது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கிராங்குகள் கெடுவது ஓட்டத்தால் அல்ல, இந்தப் பின்னைக் கழற்றும் சுத்தியல் அடியால். கிராங்கையும் அச்சையும் பூட்டும் ஆப்பு வடிவப் பின் இது. ஐம்பது ஆண்டு அசையாமல் இருந்தது ஒரே அடியில் வராது. மூன்று நாள் முன்பே துருநீக்கி எண்ணெயைத் தினம் காலையும் மாலையும் விடுங்கள். நட்டை முழுதும் கழற்றாதீர்கள். அதன் மேல்முகம் பின்னின் முனையோடு சமமாக வரும்வரை தளர்த்துங்கள், புரியை அது காக்கும். பிறகு ஓர் இரும்புக் குழாயைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, அதன் வாய் கிராங்கின் அடிப்புறத்தைத் தாங்கும்படி வையுங்கள். பின்னின் தலை குழாய்க்குள் இறங்க இடம் இருக்க வேண்டும். இந்தத் தாங்கல் இல்லாமல் அடித்தால் அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ரஸ் குண்டுகள் மேலேயும் அவை உருளும் கிண்ணத்தின் மேலேயும் இறங்கும். தாங்கல் சரியாக இருந்தால் கனமான சுத்தியலால் ஒரே ஓர் உறுதியான அடி. நூறு சின்ன அடி பின்னை வளைக்கும், ஒரு பெரிய அடி அதை நகர்த்தும். நகர்ந்த நொடியில் ஒலி மாறும். அதுவரை கணீர் என்று கேட்டது சட்டென்று மொத்தென்று கேட்கும்.

மாற்றுப் பின் வாங்கும்போது அளவுகோலை எடுங்கள். ராலே போன்ற ஆங்கில வண்டிகளுக்குப் பொதுவாக 9.5 மில்லிமீட்டர். ஐரோப்பியக் கண்டத்து வண்டிகளில் 9 மில்லிமீட்டர் வரும். அரை மில்லிமீட்டர்தான், ஆனால் கிராங்கு ஆடும். கிராங்கு அச்சின் கிண்ணத்தையும் பாருங்கள்: ராலே தன் தொழிற்சாலைக்கென்றே அங்குலத்துக்கு 26 புரி அளவை வைத்திருந்ததால், மற்ற ஆங்கில வண்டிகளின் 24 புரிக் கிண்ணம் அதில் ஏறாது. பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் புரி எதிர்த்திசை என்பதை மறக்காதீர்கள். அங்கே கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும்.

சுத்தம் செய்வதில் அடக்கம்

குரோமியத்தின் மேல் புள்ளிப் புள்ளியாக உள்ள துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, கீறாது. ஆழமான துருவுக்கு ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் நல்லது. அது நஞ்சு. கையுறை போட்டு, திறந்த வெளியில், குழந்தைகள் வராத இடத்தில் செய்யுங்கள். எடுத்ததும் சமையல் சோடா கலந்த நீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். அலுமினியப் பாகங்களை அதில் போடக் கூடாது. புளி போட்டுப் பித்தளையைத் துலக்கும் கை, நிக்கல் பூசிய மணியையும் துலக்கப் பார்க்கும். பூச்சு மிக மெல்லியது, போனால் போனதுதான். தங்க வண்ணக் கோடும் நிறுவனத்தின் ஒட்டுப்படமும் உள்ள இடத்தில் ஈரத்துணியைத் தவிர எதுவும் வேண்டாம். புதிதாக முலாம் பூசிப் பளபளவென்று நிற்கும் பாகத்தைவிட, கைபட்டுத் தேய்ந்த பாகம் எனக்கு உயர்ந்தது. முலாம் பூச மெருகேற்றும்போது முத்திரையும் சேர்ந்து அழிந்துபோவதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

சுத்தம் செய்த அன்றே ஒரு சீட்டு எழுதிக் கட்டுங்கள். எங்கே, எப்போது, எவ்வளவுக்கு, எந்த வண்டியில் இருந்தது, அதோடு வேறு என்ன கிடந்தது. கடைசிக் கேள்விதான் பின்னால் பெரிதாக உதவும். இடம் வலம் என்ற குறிப்பையும் சேருங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் எண்ணெய் தடவிய பாகத்தைக் காகிதத்தில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். சிமென்ட் தரையில் நேராக வைக்க வேண்டாம்.

கிடைத்ததைப் பிறருக்குக் காட்டுவது

தனியாகச் சேர்த்தால் பாதிதான் தெரியும். எங்கள் வட்டத்தில் மாதம் ஒரு ஞாயிறு காலை, டீக்கடை பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, அவரவர் கொண்டுவந்ததை வைப்போம். எட்டுப் பேர் வந்தால் பெரிய கூட்டம். புதியவர் தயங்க வேண்டாம். உங்களிடம் ஒரு பெடல் மட்டும் இருந்தால் அதைக் கொண்டுவாருங்கள். அதன் ஜோடி இன்னொருவர் சாக்கில் பத்து ஆண்டாகக் காத்திருக்கலாம்.

தூரத்தில் உள்ளவர்களுக்குப் படம் அனுப்பும்போது பாகத்தை வெள்ளைத் துணியில் வைத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி எடுங்கள். சாய்ந்த ஒளியில்தான் முத்திரையின் பள்ளம் தெரியும். அருகில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு புரியும். அழகாக ஒரு படம், முத்திரைக்கு மட்டும் ஒரு படம், குறை உள்ள இடத்துக்குத் தனியாக ஒரு படம். குறையை மறைத்துக் காட்டிய பாகம் கைமாறினால் அந்த நட்பு அதோடு முடிந்தது. வண்டியின் முன்கழுத்தில் பொருத்தும் நிறுவன வில்லையான தலைச்சின்னங்களைப் புதிதாக வார்த்து விற்பதும் உண்டு. எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், பின்பக்கம் அச்சுக் குத்திய பள்ளம் இருக்காது. அப்படிப்பட்டது உங்களிடம் இருந்தால் நகல் என்று சொல்லியே காட்டுங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

கண்டுபிடித்த ஊரைச் சொல்லலாம், வீட்டைச் சொல்லக் கூடாது. ஒரு வீட்டில் மூன்று பழைய வண்டிகள் நிற்கின்றன என்ற செய்தி பரவி, அந்த முதியவரை வாரக்கணக்கில் தரகர்கள் தொல்லை செய்ததை நான் அறிவேன். மாற்றிக்கொள்வதில் விலைக்கு விலை கணக்குப் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஒருவர் வண்டியை நிறுத்திவைத்திருக்கும் ஒற்றைப் பாகம் உங்களிடம் உபரியாக இருந்தால் கொடுத்துவிடுங்கள்.

திண்டுக்கல் ஹப்புக்கு இடப்பக்க நட்டு இல்லை. கடைக்காரரோடு சேர்ந்து அரைமணி நேரம் குவியலைக் கிளறியும் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு ஹப்பைச் சாக்கில் வைத்து, இல்லாததைச் சொன்னேன். வாடகை சைக்கிள் கடை நடத்தி ஓய்ந்த பெரியவர் ஒருவர் எங்களோடு வருவார். அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வீட்டுக்குப் போய், ஒரு பழைய பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். நாலு நட்டுகள் உருண்டன. மூன்றாவதை எடுத்து அச்சில் வைத்தேன். ஸ்பேனர் தேவைப்படவில்லை, விரலாலேயே கடைசிவரை ஏறியது.